இன்னும் நாலு சாத்து!

அச்சில் வந்த என் முதல் எழுத்து ஒரு போஸ்ட் கார்டு. விலை ஐம்பது பைசா. வருஷம் 2007. ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் பேர் பண்ணிக்கொண்டு, கணக்குப்பதிவியல் புத்தகத்துக்குள் பாக்கெட் நாவலைச் செருகி வைத்துப் படித்துக்கொண்டிருந்த காலம். அந்த மாதத்துக் கதையில் இன்ஸ்பெக்டர் வில்லனை லாக்கப்பில் வைத்து 'விசாரிக்கிறார்'. ஒரே பாராவில் பயல் உண்மையைக் கக்கிவிட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம்! பேனாவை எடுத்தேன்.

'கதை சூப்பர். ஆனால் அந்த அயோக்கியனை இன்ஸ்பெக்டர் இவ்வளவு சீக்கிரம் விட்டிருக்கக் கூடாது. இன்னும் நாலு சாத்து சாத்தியிருக்கலாம்!'

அடுத்த மாதமே வாசகர் கடிதம் பகுதியில் வந்துவிட்டது. பேரோடு, ஊரோடு! ஈரோடு பஸ் ஸ்டாண்ட் கடையில் மூன்று பிரதி வாங்கினேன். "ஒரே புஸ்தகம் எதுக்குடா மூணு?" என்று அப்பா கேட்டதற்கு, "ஒண்ணு வெச்சுக்க, ஒண்ணு காட்ட, ஒண்ணு தொலைக்க" என்றேன். அவர் எனக்கு நாலு சாத்தாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

அந்தப் போஸ்ட் கார்டைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன். அதற்கு முன்னால், பாக்கெட் நாவல் யுகத்தைப் பார்க்காத தம்பிகளுக்காகக் கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் வெளியூர் பஸ் ஏறுகிறவர் கையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும், கூடவே ஒரு க்ரைம் நாவல் இருக்கும். ஜி.அசோகன் நடத்திய 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' போன்ற மாத இதழ்களில் ஒரு இதழுக்கு ஒரு முழுக் கதை. திருச்சியில் பஸ் ஏறி முதல் பக்கத்தைப் புரட்டினால் மதுரையில் கொலைகாரன் மாட்டிவிடுவான். சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா என்று ஆளுக்கொரு ஜோடி. இந்தக் கூட்டத்தில் கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் ஒரு தனி ராஜ்ஜியம். 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள். (எழுதின நாவல்கள் ஸார், விற்ற பிரதிகள் அல்ல!) க்ரைம் பிராஞ்ச் ஆபீசர் விவேக், மனைவி ரூபலா, கூட உதவிக்கு ஜோக்கடிக்கும் விஷ்ணு. இந்த மூன்று பேரையும் சொந்தக்காரர்கள் மாதிரி விசாரித்த குடும்பங்கள் உண்டு.

ராஜேஷ்குமாரின் ஸ்பெஷாலிட்டி ரெண்டு டிராக். ஒரு அத்தியாயத்தில் சென்னையில் ஒருத்தன் காபி குடிப்பான். அடுத்த அத்தியாயத்தில் ஊட்டியில் ஒருத்தி கார் கதவைத் திறப்பாள். ரெண்டுக்கும் ஸ்நானப்ராப்தி கூட இருக்காது. கிளைமாக்ஸில் டபக்கென்று ஒட்டிக்கொள்ளும், டிரயல் பேலன்ஸ் டாலி ஆகிற மாதிரி. பி.காம். பையன்களுக்கு அவரை அவ்வளவு பிடித்ததற்கு இதுதான் காரணம் என்பது என் சொந்தத் தியரி.

இனி என் சித்தப்பா. ரயில்வே பார்சல் ஆபீஸில் க்ளார்க். எங்கள் தெருமுனை லெண்டிங் லைப்ரரியை இழுத்து மூடியபோது, அங்கிருந்த மாத நாவல்களை எடைக்குப் போட்டார்கள். சித்தப்பா ஒரு மூட்டை வாங்கி, அஞ்சஞ்சாகச் சேர்த்து காலிகோ பைண்டிங் போட்டு வைத்தார். நான் க்ரைம் படித்தது அந்த மூட்டையில்தான். உள்ளே கதை ஒரு பக்கம், கதையைப் படித்தவர்கள் மார்ஜினில் நடத்திய யுத்தம் ஒரு பக்கம்!

ஒரு நாவலில் 12-ம் பக்கம் நீல மையில் 'கொலைகாரன் மாமனார்' என்று எவனோ எழுதியிருந்தான். அதற்குக் கீழே சிவப்பு மை: 'பாவி, ஏன்டா சொல்லித் தொலைச்சே?' 60-ம் பக்கம் மறுபடி சிவப்பு மை: 'மாமனார் இல்லை. நீல மை ஒழிக!' கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு மூன்றாவது ஆசாமி, நிதானமாக: 'மாமனார்தான். 88-ஐ மறுபடி படிக்கவும்.'

பென்சில் என் சித்தப்பா. அவர் கதை படிக்கிறவர் இல்லை, ஆடிட் பண்ணுகிறவர். ஒரு வில்லன் சென்னையில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி நடுராத்திரி கரூரில் குதித்துத் தப்பித்துவிட்டான். "சேரன் ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடுன்னு வர்ற வண்டி. கரூருக்கு எப்படிறா போவான்? நடந்தா?" என்று சித்தி பரிமாறிய சாப்பாட்டைக் கூடத் தொடாமல் மார்ஜினில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் மட்டுமில்லை. அந்த மூட்டையில் பல கையெழுத்து, பல நிபுணர்கள். யாரோ ஒரு துப்பாக்கிப் பிரியர் எழுதியிருந்தார்: 'ரிவால்வருக்கு சைலன்ஸர் போட்டுப் பிரயோஜனம் இல்லை.' உண்மைதான் ஸார். பெரும்பாலான ரிவால்வர்களில் குண்டு இருக்கும் சுழல் உருளைக்கும் குழலுக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. சத்தமும் வாயுவும் அந்த வழியாக வெளியே வந்துவிடும். முனையில் என்னத்தை மாட்டினாலும் தெருவே எழுந்து உட்காரும். ஒரு மெடிக்கல் கை, மருந்துச் சீட்டு போலவே கிறுக்கலாக: 'க்ளோரோஃபார்ம் கர்ச்சீப் வெச்ச உடனே மயங்க மாட்டாங்க. சில நிமிஷம் ஆகும்.' அதாவது அந்த சில நிமிஷமும் கதாநாயகி கத்தலாம், கடிக்கலாம், வில்லனின் மூக்கைத் திருகலாம். நாவலாசிரியர்களுக்கு எவ்வளவு அசௌகரியம்!

ராத்திரி பதினோரு மணிக்கு போஸ்ட்மார்ட்டம் முடிந்து ரிப்போர்ட் வந்ததற்கும் ஒரு திருத்தம் இருந்தது: 'பொழுது சாய்ந்தால் அறுக்க மாட்டார்கள்.' நம் நாட்டில் பொதுவாக அதுதான் வழக்கம். 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் ராத்திரியும் செய்யலாம் என்று விதியை மாற்றியது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் மாதிரி கேஸ்களுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்னை இருந்தாலொழிய, அந்தச் சலுகை கிடையாது. க்ரைம் நாவலில் வேறென்ன கேஸ் வரும்? ஆகவே அந்த மார்ஜின் நிபுணர் இன்றைக்கும் பாஸ்!

அட்டைப்படத்தைக் கூட விடவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் தோளில் மூன்று ஸ்டார் போட்டிருந்த ஒரு படத்தில் மூன்றாவது ஸ்டாரை மட்டும் மையால் அடித்து, 'எஸ்.ஐ.க்கு ரெண்டுதான். ப்ரமோஷன் ரத்து' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ரிடையர்டு ஹெட் கான்ஸ்டபிள். அவரும் ரசிகர். "நைட் டியூட்டில பாரா நிக்கறப்ப நாங்களும் இதேதான் தம்பி படிப்போம். ஒண்ணு கவனிச்சியா? கதையில ஜீப்புக்கு டீசல் தீரவே தீராது. ஒரு பேப்பர் கட்டுக்கு நாங்க யாரைப் பிடிக்கறதுன்னு அலைவோம், அங்கே நினைச்சா ஹெலிகாப்டர் வருது!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இவ்வளவு தப்பும் கண்ணில் பட்டது. ரயில் தப்பு, ரிவால்வர் தப்பு, ஸ்டார் தப்பு. ஆனால் அந்த மூட்டை முழுக்க ஒரு இடத்தில் மட்டும் யாரும் எதையும் திருத்தவில்லை. லாக்கப்பில் அடிக்கிற பக்கம். அங்கே மார்ஜினில் இருந்ததெல்லாம் 'போடு!', 'சபாஷ்', 'அப்படித்தான்', மூன்று ஆச்சரியக்குறி. ஒரு கை, முட்டியில் விழுந்த லட்டி அடியை ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தது. ஆடிட்டர் சித்தப்பா அந்தப் பக்கங்களில் பென்சிலையே எடுக்கவில்லை. நானோ, போதாது என்று போஸ்ட் கார்டே போட்டேன்.

எல்லாரும் கவனிக்காமல் விட்ட தப்பு அங்கேதான் இருந்தது. அதுவும் சாதாரணத் தப்பு இல்லை.

பாதி போலீஸ் நாவல்கள் எப்படி முடியும்? இன்ஸ்பெக்டர் ரெண்டு அறை விடுவார். வில்லன், "சொல்லிடறேன் சார்..." என்று நாலு பக்கத்துக்கு ஃப்ளாஷ்பேக் சொல்வான். விலங்கு மாட்டுவார்கள். சுபம். ஆனால் நம்ம ஊர்ச் சட்டத்தில், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது. 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டம், 25-வது பிரிவு. 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய சாக்ஷிய அதினியம் என்று பேர் மாறி, 23-வது பிரிவு. நம்பர் மாறியிருக்கிறது, விஷயம் மாறவில்லை. அவன் சொன்னதை வைத்துக் கத்தியையோ நகையையோ கண்டுபிடித்தால், அதைக் காட்டிக்கொடுத்த வார்த்தைகளுக்கு மட்டும் மதிப்பு. மிச்ச நாலு பக்க ஃப்ளாஷ்பேக்கும் வெறும் கதை! வக்கீல் நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது, நான் படித்த நூற்றுக்கணக்கான வில்லன்களும் வரிசையாக விடுதலையாகிக் கையாட்டிக்கொண்டு போவது போல ஒரு பிரமை.

ஏன் அப்படி ஒரு சட்டம்? அதற்கு நம்ம மெட்ராஸுக்கே ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1855-ல் மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த சித்ரவதைகளை விசாரித்து ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களை என்னவெல்லாம் செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. விரலை நசுக்கும் கிட்டி. ஆளைக் குனிய வைத்துக் கட்டிப் போடும் அண்ணாந்தாள். இந்தத் தமிழ் வார்த்தைகள் இங்கிலீஷ் அறிக்கையில் அப்படியே ஏறியிருக்கின்றன. ஆறு வருஷம் கழித்து, 1861-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்ற விதி வந்துவிட்டது. அடி வாங்கினவன் எதையும் சொல்லுவான் என்பது அப்போதே தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய 2018 ஆனது.

அப்போது நான் ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கேஷியர் என் நண்பன். அவனுக்கும் க்ரைம் பைத்தியம். ஸ்டேட்மென்ட் ஃபைலுக்கு அடியில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும். அவன் முடித்தால் எனக்கு, நான் முடித்தால் அட்டெண்டருக்கு. "விவேக் இந்த ஆபீஸுக்கு வந்தா முதல்ல மேனேஜரைத்தான்டா அரெஸ்ட் பண்ணுவான்" என்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு முடிக்கும்போது 84,000 ரூபாய் இடித்தது. போன வாரம் பாங்கில் கட்டியதாக கேஷ் புக்கில் இருக்கிறது, பாங்க் ஸ்டேட்மென்டில் இல்லை. சலான் கவுண்டர்ஃபாயிலைக் காணோம். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான். தொகையைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டேன். (கணக்கு இடிக்கும்போது காரணம் தெரியும்வரை அங்கேதான் போட வேண்டும். பேரைப் பார்த்து நாங்கள் ரெண்டு பேரும் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறோம்.) மேலிடத்துக்குப் பொறுமை இல்லை. ஸ்டேஷனுக்குப் போன் போனது. சாயங்காலம் "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்" என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் அனுப்பினார்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. கைது என்று எழுதினால்தானே ஸார்? எந்தப் பேப்பரிலும் அவன் பேர் இல்லை.

திங்கட்கிழமை பாங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு வரவாகத் தேடினேன். பதினோரு மணிக்குக் கிடைத்துவிட்டது. அக்கவுண்ட் நம்பரில் ரெண்டு இலக்கம் இடம் மாறி, பணம் எங்கள் இன்னொரு கிளையின் கணக்கில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு ஜர்னல் என்ட்ரி. சஸ்பென்ஸ் அக்கவுண்ட் க்ளோஸ்.

ஆறு மாசம் கழித்து ஒரு டீக்கடையில்தான் அவன் வாயைத் திறந்தான்.

"முதல் நாள் பூரா எடுக்கலைன்னேன்டா. ரெண்டாவது நாள் எடுத்தேன்னுட்டேன். சரி, எங்கே வெச்சிருக்கேன்னாங்க. எடுக்காத பணத்தை எங்கே வெப்பேன்? நம்ம படிச்சோமே, பஸ் ஸ்டாண்ட் சாமான் ரூம்ல பையை ஒப்படைச்சுட்டுப் போவானே, அதைச் சொன்னேன். போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. இல்லை. அலைய வெச்சதுக்கு வேற தனியா விழுந்தது. அப்புறம் பரண் மேல அரிசி டிரம்முன்னேன். அப்புறம் மாமனார் தோட்டத்து மோட்டார் ரூமுன்னேன். எல்லாம் கதையில வந்த இடம். அடுத்த இடம் ஞாபகம் வரலையேன்னு பயந்துட்டே இருந்தேன்."

டீயைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கடைசிச் சாப்டர்ல ஒத்துக்கறான்னா அவன் செஞ்சதாலதான் ஒத்துக்கறான்னு நினைச்சுட்டு இருந்தேன்டா இத்தனை வருஷமா."

என் போஸ்ட் கார்டைப் பற்றி அவனுக்குத் தெரியும். ஆபீஸில் சேர்ந்த புதிதில் நானே பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவன் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவன் யார் மேலும் புகார் கொடுக்கவில்லை. "கொடுத்தா அதே ஸ்டேஷன்லதானே போய் நிக்கணும்?" என்றான். மனைவி கேட்டதற்கு பைக்கில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான். அவள் நம்பவில்லை, ஆனால் நம்பின மாதிரி இருந்துவிட்டாள்.

அப்புறம் 2020 ஜூன். சாத்தான்குளம். கொரோனா ஊரடங்கில் கடையைத் திறந்து வைத்திருந்ததாக செல்போன் கடைக்கார அப்பாவையும் மகனையும் பிடித்துப் போனார்கள். மகன் 22-ம் தேதி இறந்தார், அப்பா 23-ம் தேதி. நாடே கொதித்தது, சி.பி.ஐ. விசாரணை வந்தது. அந்த டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், எல்லா ஸ்டேஷன்களிலும் லாக்கப் உட்பட கேமரா வைக்க உத்தரவு போட்டது. என் நண்பன் அந்த வாரம் பேப்பரே வாங்கவில்லை. நான் வாங்கினேன். செய்தியைப் படிக்கும்போது, ஸ்கேல் வைத்துப் போட்ட அந்த அடிக்கோடு கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

'அதெல்லாம் வெறும் கதை, அதுக்குப் போய்...' என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். எந்தப் போலீஸ்காரரும் நாவல் படித்துவிட்டு அடிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எழுத்தாளர்கள் மேலும் பழி போட மாட்டேன். ராஜேஷ்குமார் மாதிரி ஆட்களின் பலம் முடிச்சு போடுவதிலும் அவிழ்ப்பதிலும்தான், லட்டியில் இல்லை. நல்ல க்ரைம் நாவலுக்கு ஒரு தலைமுடி, ஒரு பஸ் டிக்கெட் போதும். அடி கேட்டது நாங்கள்தான், கார்டு போட்டுக் கேட்டோம். மாசா மாசம் நாலு பேர் 'இன்னும்' என்று கேட்டால் எந்தக் கடைக்காரர் சரக்கு வைக்காமல் இருப்பார்?

பக்கத்து வீட்டு ஹெட் கான்ஸ்டபிளிடம் ஒரு நாள் நேராகவே கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். "களவு போனவனே வந்து, 'என்ன சார், இன்னும் கவனிக்கலையா அவனை'ன்னுதான் கேப்பான் தம்பி. மேலே இருக்கறவரு சாயங்காலத்துக்குள்ள ரிசல்ட் கேப்பாரு. ஆளும் கிடையாது, லேப் ரிப்போர்ட்டும் சீக்கிரம் வராது. கையில இருக்கறது லட்டி ஒண்ணுதான்..." பாதியில் நிறுத்தி, "அதனால சரின்னு சொல்லலை" என்றார்.

அதே கோயம்புத்தூரில்தான் மு.சந்திரகுமார் இருக்கிறார். ஆட்டோ ஓட்டியவர். எண்பதுகளில் பிழைப்புத் தேடிப் போன குண்டூரில் போலீசிடம் மாட்டி, செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடி வாங்கியதை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். வெற்றிமாறன் அதை வைத்து எடுத்த 'விசாரணை' 2016-ல் தியேட்டருக்கு வந்து, தேசிய விருது வாங்கி, அந்த வருஷம் இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கும் போனது. 'லாக்கப்'பை நான் லேட்டாகத்தான் படித்தேன். அதிலும் போலீஸ் ஸ்டேஷன், அதே அறை, அதே லட்டி. எழுதுகிறவர் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. படித்து முடித்து சித்தப்பாவிடம் கொடுத்தேன். ரெண்டு நாளில் திருப்பித் தந்தார். எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். ஒரு பென்சில் கோடு இல்லை. "இதுல திருத்த ஒண்ணுமில்லடா" என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவுக்கும் பிறகு க்ரைம் நாவலை விட்டுவிட்டேனா என்றால், அதுதான் இல்லை! ரெண்டு டிராக் எங்கே ஒட்டும் என்ற அரிப்பு சாகிறவரை போகாது. நண்பன்தான் ஒரேயடியாக நிறுத்திவிட்டான். ஃபைலுக்கு அடியில் நாவல் இல்லாத அவன் மேஜை மொட்டையாக இருந்தது. அப்புறம் வேறு வேலை கிடைத்து வேறு ஊருக்கும் போய்விட்டான்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தான். திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவிடப் போனேன். பஸ் கிளம்ப இருபது நிமிஷம். அவனாகவே கடைப் பக்கம் கை காட்டினான்.

"ஒரு நாவல் வாங்கிக் குடுடா. ஆறு மணி நேரம் சும்மா உக்கார முடியாது." பிறகு, குரலைக் கொஞ்சம் தணித்து, "அந்த மாதிரி சீன் இல்லாததாப் பாரு" என்றான்.

கடையில் மாத நாவல்கள் ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தன. மேலே சார்ஜர் ஒயரும் ஹெட்போனும் தொங்கின. ஒன்றை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். ஸ்டேஷன், நாற்காலி, பளார். வைத்துவிட்டேன். ரெண்டாவது... முதுகில் பூட்ஸ். மூன்றாவதில் போலீஸே இல்லை, ஆனால் பேய் இருந்தது. நாலாவதை எடுத்தேன். ராஜேஷ்குமார். கடைசிப் பக்கங்களை நின்ற நிலையிலேயே ஓட்டிக்கொண்டு போனேன்.

"சார்..." என்றார் கடைக்காரர். "கிளைமாக்ஸை எல்லாம் இங்கேயே படிச்சுட்டா அப்புறம் எதுக்கு சார் புஸ்தகம்?"

அதற்குள் அங்கே டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் சீட்டிலிருந்து நண்பன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருந்தது. ஓடிக்கொண்டே படித்தேன்.